முபாரக்கின் இடது தோள்

நாற்காலியை இங்கே கொண்டுவந்து போட்டிருக்கக் கூடாது. பந்தலுக்குள் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தால் யாராவது எதையாவது பேசிக்கொண்டிருப்பார்கள், நானும் பாதி காதில் வாங்கிக்கொண்டு தலையாட்டியிருப்பேன், சாப்பாடு வந்திருக்கும், ஒரு பொழுது கழிந்திருக்கும். இதென்ன, மைதானத்து ஓரத்தில் வெள்ளை சைட் ஸ்கிரீனை ஒட்டி, கீப்பரின் முதுகுக்கு நேர் பின்னால், கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்த சித்தப்பா மாதிரி. வெயில் முழங்கால் வரைக்கும் ஏறிவிட்டது. எழுந்து போகலாம், போனால் எல்லோரும் பார்ப்பார்கள், பெலிக்ஸ் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை என்று நினைப்பார்கள். பொறுக்கவில்லைதான். நேற்று சாயங்காலம் கோச் தாமோதரன் சார் போனில் கூப்பிட்டு, ரெஸ்ட் எடுத்துக்கோ பெலிக்ஸ் என்றார். ரெஸ்ட். காய்ச்சல்காரனுக்குச் சொல்கிற வார்த்தை. இந்த மேட்ச் முழுக்க யுகேஷ் கீப் பண்ணட்டும், நன்றாகச் செய்தால் சீசன் முழுக்க அவனே இருக்கட்டும், நீ கூட இருந்து பார்த்துக்கொள் என்று மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சொன்னார். வழக்கமாக வாயைத் திறந்தால் நான்கு தெருவுக்குக் கேட்கும் மனுஷன். அந்த மெதுவில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. காலையில் கேப்டன் ஸ்ரீவத்சன் வேறு, டிரிங்க்ஸ் பிரேக்குக்கு நான் தண்ணீர்க் கூடையை எடுக்கப் போனால், அண்ணா நீங்க வேணாம், வேற யாராவது எடுத்துட்டு வரட்டும் என்று ஓடிவந்து தடுத்தான். மரியாதையாம். கூடையைத் தூக்கியிருந்தாலாவது ஒருமுறை உள்ளே போய் அந்த ஸ்டம்புக்குப் பின்னால் நின்றுவிட்டு வந்திருப்பேன்.

பந்து வீச ஓடிவருகிறான் யாரோ, என் முழங்கால் மடங்குகிறது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறேன், இதற்குமேல் மடங்க என்ன இருக்கிறது, ஆனாலும் பாதம் உள்ளே இழுத்துக்கொள்கிறது, குதிகால் எழும்புகிறது, பந்து விழுந்ததும் இடுப்பு அதோடு எழப் பார்க்கிறது. ஒவ்வொரு பந்துக்கும். தூங்கும்போதும் இப்படித்தான் உதைக்கிறேன் என்று ஸ்டெல்லா சொல்வாள். பதினேழு வயதில் வியாசர்பாடி மைதானத்தில் வேறு யாரும் குந்தத் தயாராக இல்லாததால் குந்தினேன், அவ்வளவுதான் கதை. பேட்டிங் பண்ண எல்லோருக்கும் ஆசை, பந்து போட எல்லோருக்கும் ஆசை, நாள் முழுக்கக் குந்தி எழுந்து குந்தி எழுந்து, எடுத்தால் யாரும் பார்க்காத, விட்டால் ஊரே பார்க்கிற வேலைக்கு யார் வருவார்கள். அந்த வேலைதான் எனக்குச் சோறு போட்டது. பெயிண்ட் கம்பெனியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் உத்தியோகம், டெஸ்பாட்ச் செக்‌ஷனில் காலையில் கையெழுத்து, பதினொரு மணிக்கு கிட் பேக்கைத் தூக்கிக்கொண்டு நெட்ஸுக்கு. இத்தனை வருஷத்தில் அந்த செக்‌ஷனில் என்ன நடக்கிறது என்று எனக்கு முழுசாகத் தெரியாது. இனி தெரிந்துகொள்ள வேண்டும். அணியில் இல்லாதவன் ஐந்தரை மணி வரை சீட்டில் இருக்க வேண்டும். செக்‌ஷன் ஹெட் கோமளா மேடம் நல்லவர், வாங்க பெலிக்ஸ், கத்துக்கலாம் என்பார், என் வயதில் பாதிகூட இல்லாத பிள்ளைகள் இரண்டு பேர் கம்ப்யூட்டரில் எதை அமுக்க வேண்டும் என்று காட்டித் தருவார்கள், இந்த விரல்களை வைத்துக்கொண்டு நான் அமுக்குவேன். வலது சுண்டுவிரல் ஒரு பக்கம் பார்க்கும், மோதிர விரல் இன்னொரு பக்கம். மோதிரம் ஏறாமல் போய் ஸ்டெல்லா அதைத் தன் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். காலையில் டிபன் கட்டும்போது சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது, அவள் பால்கனிக் கொடியிலிருந்து என் இன்னர் கிளவுஸை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். பெரிய கிளவுஸுக்கு உள்ளே போடுகிற மெல்லிய துணி உறை. ஒரு மேட்சுக்கு மூன்று ஜோடி நனையும், ராத்திரி கொண்டுபோய்க் கொடுத்தால் மூக்கைச் சுளித்துக்கொண்டே வாங்கி வாளியில் ஊறப்போடுவாள். கல்யாணமான புதிதில், செத்த எலி வாசனை வருது, இதுக்கா என்னக் கட்டி வெச்சாங்க என்று சிரித்தாள். அதை மடிக்கிற கையைப் பார்த்ததும் சொல்ல வந்தது உள்ளேயே போய்விட்டது. இப்போது மூன்று ஜோடியும் என் காலடியில் பையில் இருக்கின்றன, சோப்பு வாசனையோடு, இஸ்திரி போட்ட மாதிரி. இப்படியே திருப்பிக் கொண்டுபோனால் அவள் எதுவும் கேட்க மாட்டாள். தொட்டுப் பார்ப்பாள், தெரிந்துவிடும். பந்தலுக்குப் பின்னால் ஒரு குழாய் இருக்கிறது. அதில் நனைத்துப் பிழிந்து பையில் திணித்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. தோன்றியது என்ன, எழுந்து குழாயைத் திருகியும் பார்த்துவிட்டு வந்தேன், தண்ணீர் வருகிறது. சீ. நாற்பது வயதில் பொய்யைத் துணியில் நனைத்துக்கொண்டு போக வேண்டுமா. அதுவும் குழாய்த் தண்ணீருக்கும் வேர்வைக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியாதா.

சரி, யுகேஷைப் பார். நன்றாகத்தான் நிற்கிறான். எங்கேயாவது குறை கிடைக்குமா என்று காலையிலிருந்து தேடுகிறேன். குந்தும்போது இடுப்பு கொஞ்சம் மேலே நிற்கிறது, பந்து தாழ்ந்து வந்தால் தடுமாறுவான் என்று நினைத்தேன். மூன்று பந்து தாழ்ந்து வந்தது, மூன்றையும் பூவைப் பறிக்கிற மாதிரி எடுத்தான். லெக் சைடில் போனால் பார்ப்போம் என்றிருந்தேன், போயிற்று, எடுத்தான். நல்ல பையன் வேறு, அதுதான் எரிச்சல். ஆத்தூரிலிருந்து வந்து இங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கிறான், என்னைக் கண்டால் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து எழுந்துவிடுவான். திமிர் பிடித்தவனாக இருந்தால் வெறுப்பதற்காவது தோதாக இருக்கும். காலையில் முதல் ஓவரின்போது மாதாவே, ஒன்றே ஒன்று கீழே விடட்டும் என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் வெட்கமாகப் போய்விட்டது. ஆண்டவளிடம் போய்க் கேட்கிற விஷயமா இது, அவளுக்கு எத்தனை வேலை. ஆனால் வாபஸ் வாங்கவும் இல்லை. அது அங்கேயே இருக்கிறது, ஒவ்வொரு பந்துக்கும் கொஞ்சம் தலைநீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகிறது.

முபாரக் வருகிறான் பந்து போட. ரயில் பாதைப் பக்கத்து முனையிலிருந்து, என் கண்ணுக்கு நேராக. திருவல்லிக்கேணி முபாரக், லெக் ஸ்பின்னர், எனக்கு ஒரு வருஷம் பின்னால் கம்பெனியில் சேர்ந்தவன். இந்த மைதானத்தில் என்னை முழுசாக அறிந்தவன் அவன் ஒருத்தன்தான். அவன் பந்து சாதாரணமாக என் வலது பக்கம் திரும்பும். கூக்ளி போட்டால் அதே ஓட்டம், அதே கைவீச்சு, இடது பக்கம் திரும்பும், பேட்ஸ்மேன் ஏமாந்து வெளியே வந்து நிற்பான், நான் பந்தை வாங்கி ஸ்டம்பைத் தட்டுவேன். கூக்ளிக்கு முன்னால் ஒரு சாடை உண்டு. ஓட ஆரம்பிக்கும் முன்பு தாடையை இடது தோளில் துடைத்துக்கொள்வான், வேர்வையைத் துடைக்கிற மாதிரி. நான் வலது கிளவுஸால் வலது முழங்காலை ஒருமுறை தட்டுவேன், தெரிந்துகொண்டேன் என்று அர்த்தம். கேப்டனுக்குத் தெரியாது, கோச்சுக்குத் தெரியாது, ஸ்டெல்லாவுக்குக்கூடத் தெரியாது. கல்யாண ஜோடிக்குள்கூட இத்தனை ரகசியம் இருக்காது என்று முபாரக் சொல்வான். இதோ, நிற்கிறான், பந்தை விரலில் சுழற்றுகிறான், தாடையை இடது தோளில் துடைக்கிறான். என் கை வலது முழங்காலைத் தட்டிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பேன்ட் மேல், படக்கென்று. யாரும் பார்க்கவில்லை. பந்து விழுந்து இடது பக்கம் திரும்புகிறது, பேட்ஸ்மேன் தடவுகிறான், யுகேஷ் ஏற்கெனவே அங்கே இருக்கிறான். பந்து திரும்பும் முன்பே அங்கே இருக்கிறான். எப்படி. சொல்லிக்கொடுத்துவிட்டான். முபாரக் அவனுக்குச் சாடையைச் சொல்லிக்கொடுத்துவிட்டான்.

இடம் போனது கோச் எடுத்த முடிவு, வயசு எடுத்த முடிவு, அதைக்கூட விழுங்கிவிடலாம். இது என்ன நியாயம். நான் இன்னும் மைதானத்தை விட்டே போகவில்லை, அதற்குள் இவன் புது ஆளோடு பழைய சாடையில் பேசிக்கொண்டிருக்கிறான். வேறு ஒன்று வைத்துக்கொள்ளக் கூடாதா, வலது தோளில் துடைக்கக் கூடாதா, தோள் இரண்டு இருக்கிறதே. ஓவர் முடிந்தது. இனி பந்து இந்த முனையிலிருந்து, அப்படியென்றால் முபாரக் ஃபீல்டிங்குக்கு இந்தப் பக்கம் வருவான், லாங் ஆன், என் நாற்காலிக்குப் பத்தடியில். வருகிறான். தொப்பியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறான். என்னடா, வெயில்ல உக்காந்து வடகம் காயறியா என்கிறான். நான் சிரிக்கவில்லை. பந்து ஒன்று போகட்டும் என்று காத்திருந்தேன், இரண்டு போகட்டும் என்று காத்திருந்தேன், வாய் அடங்கவில்லை.

"அவன்கிட்ட சொல்லிட்டியாடா?"

"எத?"

"தோள் தொடைக்கிறத."

அவன் மைதானத்தைப் பார்த்தபடியே புருவத்தைச் சுருக்கினான். ஃபீல்டிங்கில் நிற்கிறவன் திரும்பக் கூடாது. ஒரு பந்து போயிற்று. அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது போலிருக்கிறது, தன் இடது தோளை ஒருமுறை பார்த்துக்கொண்டான், சட்டையில் ஏதோ ஒட்டியிருக்கிற மாதிரி.

"நான் இன்னும் அதப் பண்றனா? கவனிக்கவே இல்ல மச்சி. பழக்கதோஷம்."

"அப்ப அவனுக்கு எப்படித் தெரியுது?"

பந்து அவன் பக்கமாக உருண்டு வந்தது, ஓடிப்போய் எடுத்து எறிந்துவிட்டுத் திரும்பி வந்தான், மூச்சு வாங்கினான். சொல்லாமல் போயிருக்கலாம். முபாரக்குக்குப் பொய் வராது, எப்போதும் வந்ததில்லை.

"அவன் கையப் பாத்தே எடுத்துடறான்டா. அவனுக்கு எதுக்கு சாடை."

ஓவர் முடிந்து அவன் பந்து வாங்கப் போய்விட்டான். போகிறபோது என்னைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தே எடுத்துவிடுகிறான். நானும் பார்த்தவன்தானே. முபாரக் சேர்ந்த புதிதில் பேட்ஸ்மேன்கள் எல்லாம் திணறுவார்கள், நான் அவன் மணிக்கட்டு மடங்குவதைப் பார்ப்பேன், புறங்கை என் பக்கம் தெரிந்தால் கூக்ளி, எழுதப் படிக்கிற மாதிரி சுலபம். அப்போது சாடையே கிடையாது. அப்புறம் ஏன் வந்தது சாடை. முபாரக்தான் கொண்டுவந்தான், இன்னும் நாலு ஸ்டம்பிங் கூடக் கிடைக்குமே என்று. ஆமாம், கோயம்புத்தூர் டோர்னமெண்டில். இல்லை, டோர்னமெண்ட் முடிந்து திரும்பி வரும்போது ரயிலில், கதவோரம், அவன் பிளாஸ்டிக் கப்பில் டீ வைத்திருந்தான். அன்றைக்கு அவனுடைய கூக்ளி ஒன்று என் கைக்குச் சிக்காமல் இடது பக்கம் போய் எதிரணிக்குச் சும்மா நாலு ரன், நாலு பைஸ், நாங்கள் தோற்றது அதனால் இல்லை, ஆனால் நாலு பைஸ். மைதானத்தில் பள்ளம் என்றேன், எல்லோரும் ஆமாம் என்றார்கள். ரயிலில் நான்தான் சொன்னேன். பேட்ஸ்மேனோட சேந்து நானும் ஏமாறணுமா, போடறதுக்கு முன்னாடி ஒரு சாடை காட்டேன்டா என்று நான்தான், சிரித்துக்கொண்டே, நான்தான் கேட்டேன். அவன் உடனே சரி என்றான். ஏன் என்று கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு, தாடையத் தோள்ல தொடைச்சுக்கறேன், அது இயல்பா இருக்கும் என்றான். நாலு சீசன். நாலு சீசனாக என்னை ஏன் என்று கேட்காமல் தோளைத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறான், நான் இல்லாத இன்றைக்கும். நான் அதை எங்கள் இருவருடைய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விழுகிறவனைப் பிடித்துக்கொண்டு நடப்பதை, கைகோத்து நடக்கிறோம் என்று நினைத்த கதை. அதனால் என்ன, வருகிற பந்தை எடுத்தேனா இல்லையா, எடுத்தேன். அது போதாதா. கண் சரியாகத்தான் இருக்கிறது. பெண்ணின் பள்ளிக்கூடக் கேள்வித்தாளைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கிறேன் என்று ஸ்டெல்லா கேலி செய்கிறாள், அது கிட்டத்தில் பார்க்கிறது, இது தூரத்தில் பார்க்கிறது, இரண்டும் வேறு. வேறுதான்.

சாப்பாட்டுக்கு முன்னால் கடைசி ஓவராக இருக்கும், அம்பயர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். முபாரக் பந்தைத் தேய்க்கிறான். முதல் பந்து, தோள் துடைக்கவில்லை, வலது பக்கம் திரும்பியது, என் உடம்பும் வலது பக்கம் போயிற்று, சரி. இரண்டாவதும் அப்படியே. பார்த்தாயா, சரியாகத்தான் இருக்கிறேன், இத்தனை தூரத்திலிருந்தே. பேட்ஸ்மேனுக்குக் கால் பரபரக்கிறது, அடிக்க வெளியே வரப் பார்க்கிறான், யுகேஷுக்கு அது தெரிகிறதா, தெரிகிறது, அவன் கிளவுஸ் கொஞ்சம் தாழ்கிறது. முபாரக் ஓட்டத்தின் தொடக்கத்தில் நிற்கிறான். தாடை அசையவில்லை. தோள் சும்மா இருக்கிறது. லெக் ஸ்பின்தான். ஓடி வருகிறான், கை மேலே போகிறது, நான் வலது பக்கம் போகிறேன், குதிகால் எழும்பி, இடுப்பு எழும்பி, முழு ஆளும் நாற்காலியை விட்டு எழுந்து வலது கால் வெளியே வைத்து இரண்டு கையையும் கோத்து நீட்டிவிட்டேன், பந்து இடது பக்கம் திரும்பியது. இடது பக்கம். பேட்ஸ்மேன் நடுவழியில் நிற்கிறான், யுகேஷ் இடது பக்கத்தில் பந்தை வாங்கி, அவசரமே இல்லாமல் ஸ்டம்பைத் தட்டுகிறான், பெயில்ஸ் விழுகிறது, எல்லோரும் கத்துகிறார்கள். நான் யாருமில்லாத பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். இவ்வளவு தூரத்திலிருந்து கூக்ளி யாருக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளலாம், எவனும் மறுக்க மாட்டான். ஆனால் நான் கையைப் பார்க்கவேயில்லை. அவன் ஓடிவந்த நேரம் முழுக்க அவனுடைய இடது தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே நின்றிருந்தாலும் தோளைத்தான் பார்த்திருப்பேன். எத்தனை நாளாகக் கையைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

பந்தலில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துக் கை தட்டுகிறார்கள், நான் சந்தோஷத்தில் எழுந்து குதித்தேன் என்று. பெலிக்ஸ் அண்ணனுக்கு எவ்வளவு பெரிய மனசு பார் என்று பேசிக்கொள்வார்கள். நானும் தட்டினேன். கோணல் விரல்கள் ஒன்றோடொன்று இடித்து வலித்தது, தட்டினேன். துக்கமாகத்தான் இருந்தது, அழுதுவிடுவேனோ என்றுகூடப் பயந்தேன், ஆனால் காலையிலிருந்து தலைநீட்டிக்கொண்டிருந்த அந்த வேண்டுதலைக் காணவில்லை. அம்பயர்கள் பெயில்ஸை எடுத்துவிட்டார்கள், எல்லோரும் பந்தலை நோக்கி நடக்கிறார்கள். முபாரக் என்னைப் பார்த்தான், இந்தத் தடவை பார்த்தான், கையைத் தூக்கி ஏதோ சொல்ல வந்து, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான். யுகேஷ் நேராக என்னிடம் வருகிறான். முகமெல்லாம் வேர்வை, கிளவுஸைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, உள்ளே போட்டிருந்ததை உரித்துப் பிழிகிறான், தரையில் சொட்டுகிறது. எழுந்து நிற்பதற்கு ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறான், அதனால் கொஞ்சம் குனிகிறான்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. இன்னர் கிளவுஸ் ஒரு ஜோடி இருக்குமா? என்னுது ரெண்டும் தொப்பலாயிடுச்சு."

குனிந்து பையைத் திறந்தேன். மூன்று ஜோடியும் ஸ்டெல்லா மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தன. எல்லாவற்றையுமே எடுத்து அவன் கையில் வைத்தேன், மத்தியானம் வெயில் அதிகமாக இருக்கும், ஒன்று போதாது என்றேன். அவன் ஒன்றை விரித்து மாட்டிக்கொண்டான், விரல் ஒவ்வொன்றாக உள்ளே போயிற்று, ஒன்றுகூடக் கோணல் இல்லை. துவச்சுத் தரேண்ணா என்றான். வேண்டாம், அப்படியே கொடு, வீட்டில் துவைப்பார்கள் என்றேன். சாயங்காலம் அவை என் பைக்குள் வரும், நனைந்து, கனத்து, நாறிக்கொண்டு. ஸ்டெல்லா மூக்கைச் சுளித்துக்கொண்டு வாங்குவாள், இன்னிக்கு நல்ல வேலை போலருக்கே என்பாள். அப்போது சொல்லிவிட வேண்டும், வாளியில் போடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அது என் வேர்வை இல்லை, ஸ்டெல்லா.